எட்டுச் செலவுக்கு மான்

அந்தோனிமுத்துவை அடக்கம் பண்ணிவிட்டு வந்து எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், பின்வளவுக் கொட்டிலில் ஒரு மான் தொங்குகிறது என்ற பேச்சு எழுந்தது. அதுவரை அந்த வீட்டில் ஒருவருக்கும் அதன் நினைவில்லை. சனிக்கிழமையிலிருந்து ஹேர்னிங், கோல்டிங், கோப்பன்ஹேகன் என்று சனம் வந்து போனபடி இருந்தது. மழைச் சேற்றோடு சப்பாத்துகள் வாசலில் குவிந்தன. குளிர்சாதனப் பெட்டி நிறைய ஆர் ஆரோ கொண்டுவந்த பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும். செத்த வீட்டில் மச்சம் கூடாது என்று எல்லாரும் மரக்கறியாகவே கொண்டுவந்தார்கள். டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் நவம்பர் மாதத்தில் பின்வளவுக்குப் போக ஒருவருக்கும் அலுவல் இருப்பதில்லை. கொட்டில் கதவு சாத்தியபடியே கிடந்தது.

அருமைநாயகிகூட மறந்துதான் போயிருந்தாள். அவள் மறந்தது மான் ஒன்றை மட்டுமல்ல. சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு நடந்தவற்றில் பாதி அவளுக்குள் இறங்கவே இல்லை.

அன்றைக்கு விடிய அந்தோனிமுத்து சினேகிதர்களோடு பிளான்டேஷன் காட்டுக்கு வேட்டைக்குப் போனவர், பத்தரைபோல ஒரு பெட்டை மானோடு வந்தார். றோடூர் என்று டெனிஷ்காரர் சொல்லுகிற சின்ன ஜாதி மான். ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். குடலைக் காட்டிலேயே எடுத்துவிட்டு, மானைக் கொட்டிலில் கொளுவிவிட்டு, ஈரலையும் இதயத்தையும் ஒரு பையில் போட்டு கராஜில் இருந்த பழைய குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார். பிறகு பின்வளவுக் குழாயடியில் குந்தியிருந்து, காட்டில் எறியாமல் கொண்டுவந்த இரைப்பையைக் கழுவத் தொடங்கினார். சமையலறைக்குள் நின்ற அருமைநாயகிக்குத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கனநேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த மனிசன் என்ன செய்யுது என்று ஏசிக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். அவர் வாளிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். அவள் போய் முதலில் குழாயை மூடினாள். அதற்குப் பிறகுதான் அவரைக் கூப்பிட்டாள்.

அம்புலன்ஸ் வந்தது, போனது. மகள் மிரியம் ஓர்ஹூஸிலிருந்து வந்தாள். தாதிப் படிப்புக் கடைசி வருசம். "இதயம் நின்றுவிட்டது அம்மா, யார் நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது" என்று டெனிஷில் மூன்று நான்கு தரம் சொன்னாள். அருமைநாயகி ஓம் என்றாள். கோல்டிங்கிலிருந்து அந்தோனிமுத்துவின் தமையன் சூசைதாசனும் மனைவி ஞானேஸ்வரியும் வந்து வீட்டைப் பொறுப்பெடுத்தார்கள். பெட்டி எந்த நிறம், எந்தக் கோட், எந்தப் பாட்டு என்று சூசைதாசன் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள் ஓம் என்றாள். அழவில்லை. அவள் அழவில்லை என்பதைச் சனம் கவனித்தது. அவளும் கவனித்தாள், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி யாரோ கதைப்பதைக் கேட்பதுபோல.

அடக்கத்துக்குப் பச்சை ஜாக்கெட் போட்ட டெனிஷ்காரர் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லாருடைய கையிலும் ஊசியிலை மரத்தின் சின்னக் கொப்பு ஒவ்வொன்று. குழிக்குள் அதைப் போட்டுவிட்டு, ஒருவர் பித்தளைக் கொம்பை எடுத்து ஊதினார். தமிழ்ப் பெண்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வேட்டை முடிந்தது என்று காட்டில் ஊதுகிற ஊதல் அது என்று பிறகு கார்ஸ்டன் சொன்னார்.

மான் கதையை எடுத்ததும் அந்தக் கார்ஸ்டன்தான். ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் அந்தோனிமுத்துவோடு பக்கத்து மெஷினில் நின்றவர். அறுபத்திரண்டு வயசு, பெரிய கை, மெல்லிய குரல். அந்தோனிமுத்து என்ற பெயர் அவர் வாயில் நுழையாது, அன்டொன் என்பார். கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அருமைநாயகிக்குக் கிட்ட வந்து நின்றார்.

"நான் கேட்கக்கூடாத நேரம்தான்," என்றார். "ஆனால் மான் இன்னும் தொங்குகிறதா?"

அருமைநாயகி அவரைப் பார்த்தாள். பிறகு பின் ஜன்னலைப் பார்த்தாள். "தெரியாது," என்றாள். "தொங்கும்."

"இந்தக் குளிருக்குப் பிழையில்லை. ஆறேழு நாள் தொங்கினால் இறைச்சி பதமாகும். ஆனால் ஞாயிறுக்கு மேல் விட்டால் வீண். நாளைக்குப் பின்னேரம் வந்து வெட்டித் தருகிறேன். வேண்டாமென்றால் நானே கொண்டுபோகிறேன். நீ சொல்கிறபடி."

பக்கத்தில் இருந்த சூசைதாசனுக்குக் காது கூர்மை. கோப்பையை மேசையில் வைத்தார்.

"என்ன மான்? எங்கை தொங்குது?"

மிரியம் சொன்னாள். சூசைதாசன் எழும்பிப் பின்கதவைத் திறந்து, மழைக்குள் சப்பாத்தில்லாமல் நடந்துபோய், கொட்டிலைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். நனைந்த காலுறையோடு நடுக்கூடத்தில் நின்றார்.

"பிரேதத்தை வைச்சு இவ்வளவு செபம் சொல்லியிருக்கிறம், பின்னாலை இது தொங்குது. ஒருத்தருக்கும் அறிவில்லை. நாளைக்கு விடிய நான் கொண்டுபோய்க் கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டு வாறன்."

"தாழ்க்கத் தேவையில்லை பெரியப்பா, அவர் கொண்டுபோவாராம்," என்றாள் மிரியம்.

"ஆர் கொண்டுபோனால் என்ன. இந்த வீட்டிலை கிடக்கக்கூடாது. அவனைக் கொண்டுபோன மிருகம் அது. என்ன பிள்ளை, நான் சொல்லுறது?"

கேள்வி அருமைநாயகிக்கு. ஐந்து நாளாக வந்த பதில்தான் இதற்கும் வரும் என்று அவர் திரும்பக்கூட இல்லை.

"இல்லை அத்தான்," என்றாள் அருமைநாயகி.

அப்போதுதான் சூசைதாசன் திரும்பினார்.

"சனிக்கிழமை எட்டாம் நாள், எட்டுச் செலவு. அவருக்குப் பிடிச்சது படைக்கவேணுமெல்லோ. அதைத்தான் காய்ச்சப்போறன்."

"ஆட்டிறைச்சி எடுப்பிக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன்."

"ஆடும் எடுங்கோ. மானையும் காய்ச்சுவம்."

சூசைதாசன் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்தால் கோபத்தோடு மோதலாம். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்துக் கவிழ்த்த கோப்பை மாதிரி இருந்தது. "செய்யிறதைச் செய்யுங்கோ," என்று சொல்லிவிட்டு மேல்மாடிக்குப் போய்விட்டார்.

கார்ஸ்டனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அருமைநாயகி அவரிடம் டெனிஷில், "நாளைக்கு வா," என்றாள்.

அன்றைக்குப் பின்னேரம் பாத்திரம் கழுவும்போது ஞானேஸ்வரி கேட்டாள்: "நாயகி, உனக்கு மான் காய்ச்சத் தெரியுமோ?"

"தெரியாது அக்கா."

"அப்ப?"

"ஆடு மாதிரித்தானே."

"சாப்பிட்டாவது இருக்கிறியோ?"

"இல்லை."

பதினைந்து வருசமாக அந்த வீட்டுக்கு மான் வந்திருக்கிறது, காட்டு வாத்து வந்திருக்கிறது, முயல் வந்திருக்கிறது. ஒன்றையும் அவள் வாயில் வைத்ததில்லை. நாற்பத்துமூன்று வயசில் அந்தோனிமுத்து வேட்டை லைசன்ஸ் எடுக்கப் படித்தபோதே அவள் சொல்லிவிட்டாள்: காட்டு மிருகத்தை என்ரை சட்டியிலை வைக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் கடைத்தெருவோடு வளர்ந்தவள் அவள். தோலோடு ஒரு மிருகம் வீட்டுக்கு வருவதை அவளால் பார்க்க முடியாது. அவர் வன்னிக் காட்டோரத்து ஒட்டுசுட்டான்காரர், சிரித்தார். சூட்டுப் பரீட்சையில் முதல் தரம் தவறி, இரண்டாம் தரம் பாஸ் பண்ணினார். கராஜில் ஒரு காஸ் அடுப்பு, கறுத்த அலுமினியச் சட்டி ஒன்று, தனக்கென்று ஒரு உப்புப் போத்தல், ஒரு தூள் போத்தல் எல்லாம் வைத்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் கராஜ் கதவை அரைவாசி திறந்துவிட்டு அங்கேயே சமைப்பார். கார்ஸ்டனும் வேறு இரண்டு பேரும் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சிரிப்புச் சத்தம் உள்ளே வரும். அவள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவைப்பாள். ஒவ்வொரு தரமும் அவர் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து நீட்டுவார். அவள் வேண்டாம் என்பாள். அவர் கொண்டுபோய்விடுவார். அதில் ஒரு சண்டையும் இருந்ததில்லை. வீட்டில் அது ஒரு வழக்கமாகிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மழை இல்லை. நாலு மணிக்கே இருட்டிவிடும் என்று கார்ஸ்டன் இரண்டு மணிக்கே வந்துவிட்டார். கத்தி இரண்டு, சின்ன வாள் ஒன்று, வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டிகள், ஒரு கறுப்பு வாளி. மானைக் கராஜுக்குக் கொண்டுவந்து, கூரைக் கம்பியில் பின்கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டார். வயிறு பிளந்திருந்தது, உள்ளே ஒரு குச்சியைக் குறுக்கே கொடுத்து விரித்துவைத்திருந்தது. அந்தக் குச்சி அந்தோனிமுத்து சீவிவைத்தது என்று மிரியம் கண்டாள். அதைக் கழற்றிப் பக்கத்துத் தட்டில் வைத்தாள்.

அருமைநாயகி பின்வளவுக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அருவருப்பு வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை.

"ஈரல் இருக்கிறதா?" என்று கார்ஸ்டன் கேட்டார்.

மிரியம் பழைய குளிர்ப்பெட்டியிலிருந்து பையை எடுத்துவந்தாள். கார்ஸ்டன் அதைத் திறந்து வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"நல்ல ஈரலாகத்தான் இருந்திருக்கிறது. ஒரு புள்ளி இல்லை, புழு இல்லை. அன்டொன் பார்த்துத்தான் எடுத்திருப்பான். வேட்டைக்காரன் முதலில் பார்க்கவேண்டியது ஈரலைத்தான். அது பழுதென்றால் முழு மானும் பழுது." மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். தலையை ஆட்டினார். "ஆனால் இப்போது சாப்பாடு இல்லை. ஈரலும் இதயமும் அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாள். தசைதான் காத்திருக்கும்."

பையோடு வாளிக்குள் போட்டார்.

பிறகு தோலை உரிக்கத் தொடங்கினார். பின்முழங்காலில் ஒரு கீறல். அதற்கு மேல் கத்தி அதிகம் தேவைப்படவில்லை. பொத்திய கையை இறைச்சிக்கும் தோலுக்கும் நடுவில் கொடுத்துத் தள்ளத் தள்ள, ஈரச் சட்டை கழலுவதுபோல் கழன்று வந்தது. உள்ளே கருஞ்சிவப்பு. ஆட்டைப்போல் கொழுப்பு இல்லை. முதுகெலும்பின் உட்புறத்திலிருந்து விரல் நீளத்தில் இரண்டு துண்டை எடுத்துப் பெட்டியில் வைத்தார். இதுதான் மிக மெத்தென்றது என்றார். முதுகு இறைச்சி, பின் தொடைச் சந்து இரண்டு. விலாவை வாளால் அறுத்து வாளிப் பக்கம் போட்டார். தலையோடு கழுத்தையும் போட்டார். கீழ்க்கால்களையும்.

"உதென்ன செய்யிறார் உவர்?"

சூசைதாசன். வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு வருகிற கதவில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். எப்போது வந்தார் என்று ஒருவரும் காணவில்லை.

"வெட்டுறார் பெரியப்பா."

"வெட்டுறதைக் கேக்கேல்லை. விலாவை ஏன் எறியிறார்?"

மிரியம் கேட்டுச் சொன்னாள். "அதில் இறைச்சி இல்லையாம். நாய்க்காம்."

"இறைச்சி இல்லையோ? அப்ப அது என்ன, விறகோ?"

முப்பத்தைந்து வருசம் கோல்டிங்கில் குழாய் செய்கிற தொழிற்சாலையில் நின்றவர். டெனிஷ் நன்றாக வரும். ஆனால் உணர்ச்சி ஏறினால் தமிழில்தான் வரும். கீழே இறங்கி வந்து, வாளியடியிலிருந்து விலாவைத் தூக்கி மேசையில் வைத்தார்.

"எலும்போடை வெட்டிக் காய்ச்சினால் இதிலைதான் ருசி. இதை நாய்க்குப் போட்டிட்டு முதுகைத் தின்னுறது! கழுத்தை எடு. அந்தக் காலையும் எடு. சூப்புக்கு."

கார்ஸ்டன் தலையைச் சொறிந்தார். "அன்டொனும் இப்படித்தான். முதல் வருசம் நாங்கள் காட்டில் எறிந்ததையெல்லாம் ஒரு சாக்கில் பொறுக்கிக்கொண்டு வந்தான். பகிடி பண்ணினோம். பிறகு நாங்களே அவனுக்கென்று எடுத்துவைப்போம். நுரையீரலைக்கூட."

"நுரையீரலைச் சும்மா எறிவதா? அது வறுக்க நல்லது," என்றார் சூசைதாசன், இந்தமுறை டெனிஷில். "இரத்தத்தில் வறை வைப்போம். தலையையும் விடமாட்டோம். காதையும் மூக்கையும் தவிர எல்லாம் சாப்பாடு."

"தலையைப் பார்," என்று கார்ஸ்டன் காட்டினார். சூசைதாசன் குனிந்து வாய்ப்பக்கத்தை மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "இது ஏலாது. ஆறு நாள் எல்லே." அவரே தலையை அறுத்து வாளிக்குள் போட்டார். அதற்குப் பிறகு இரண்டாவது கத்தி அவருடைய கையில்தான் இருந்தது.

இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கத்தில் நின்று சண்டைபிடித்துக்கொண்டே வேலை செய்தார்கள். சந்துக்குள் இருந்த ஒரு கழலையைக் கார்ஸ்டன் தோண்டி எடுத்து, இது இருந்தால் கறி முழுக்க நாறும் என்றார். சூசைதாசன் வாங்கிப் பார்த்து, சரி என்றார். எலும்பைச் சுற்றியிருந்த வெள்ளைச் சவ்வைக் கார்ஸ்டன் சீவி எறிந்தார். வெந்தால் அதுதான் பசை என்று சூசைதாசன் திரும்ப எடுத்தார். மிரியம் இருவருக்கும் நடுவில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருமுறை, ஒரே ஒருமுறை, சிரித்துவிட்டாள். உடனே தாயைப் பார்த்தாள். அருமைநாயகி அதே இடத்தில் அதே மாதிரி நின்றாள்.

முன்னங்கால் சந்து இரண்டில் இடதுபக்கத்துச் சந்து கடைசியாக வந்தது. அதைக் கையில் எடுத்த கார்ஸ்டன் கத்தியைக் கீழே வைத்தார். தோள் முழுக்கக் கறுப்பு. எலும்பு நொறுங்கி, இரத்தம் தசைக்குள் கட்டிபட்டுச் சளி மாதிரி இருந்தது.

"குண்டு பட்ட இடம். இது இறைச்சி இல்லை," என்றார். ஆனால் வாளிக்குள் போடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன?" என்று கேட்டாள் மிரியம்.

"அன்டொன் தோளில் சுடமாட்டான். தோளுக்குப் பின்னால், விலாவுக்குள்ளே. இறைச்சி ஒரு கைப்பிடிகூடப் பழுதாகாது. நாங்கள் எல்லாரும் தோளில் சுடுவோம், அவன் எங்களை ஏசுவான். பதினைந்து வருசத்தில் அவன் சுட்ட மானில் இப்படி நான் பார்த்ததில்லை." தோளை மற்றக் கைக்கு மாற்றினார். "அன்றைக்கு மானைக் காருக்கு இழுத்துப்போக என்னைக் கூப்பிட்டான். அவன் கூப்பிடுகிறவன் இல்லை. முழங்கால் நோகுதாக்கும் என்று நினைத்தேன். முகம் வெளிறித்தான் இருந்தது. எல்லாருக்கும்தான் வெளிறியிருந்தது, குளிர்."

மிரியம் பெட்டியைக் கீழே வைத்தாள். "காலையிலேயே தொடங்கியிருக்கிறது," என்றாள் மெதுவாக. "கை நடுங்கியிருக்கும்."

அருமைநாயகிக்குச் சனிக்கிழமைக் காலை நினைவுக்கு வந்தது. மானோடு வந்தவரிடம், சாப்பாடு போடவோ என்று கேட்டாள். வேண்டாம் என்றார். டெனிஷ்காரரோடு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, அப்பத்தை எடுத்து மூடிவைத்தாள். அதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். அப்பத்தை மூடிய தட்டு எந்த நிறம் என்பது வரைக்கும் நினைவு வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"நான் இவனை எண்பத்தொன்பதிலை கூப்பிட்டனான்," என்றார் சூசைதாசன். அவர் ஆருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. கத்தி கழுத்தெலும்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. "ஏன் கூப்பிட்டனான்? ஊரிலை நிண்டால் இயக்கத்துக்குப் போய்த் துவக்குத் தூக்கிடுவான் எண்டு அம்மா அழுதவ. தெரிஞ்ச சனமெல்லாரிட்டையும் கெஞ்சித்தான் எடுத்தனான். இருபத்திரண்டு வயசு. வந்து இறங்கேக்கை மூக்கிலை பனி ஒட்டியிருந்தது. அப்பிடி நான் கூப்பிட்டு எடுக்க, இஞ்சை வந்து காசு கட்டிப் படிச்சுத் துவக்கு வாங்கினான். எனக்குப் படம் அனுப்பினான், தோளிலை துவக்கோடை. நான் பதிலே போடேல்லை. இந்தக் கராஜுக்குள்ளை இண்டைக்குத்தான் கால் வைக்கிறன்."

கத்தியை வைத்தார். கையின் பின்புறத்தால் மூக்கைத் துடைத்தார். கார்ஸ்டனுக்கு விளங்காத மொழி. ஆனாலும் அவர் கீழே பார்த்தார்.

கார்ஸ்டன் அந்தத் தோளை வாளிக்கு மேலே கொண்டுபோனபோது அருமைநாயகி கதவு நிலையிலிருந்து விலகி வந்தாள்.

"அதிலை நல்லது ஒண்டுமில்லையோ?" டெனிஷில் திரும்பக் கேட்டாள்: "கொஞ்சமும் இல்லையா?"

"இரத்தம் கட்டியதைச் சாப்பிடக்கூடாது. குண்டுத் துகள் இருக்கும்."

"அதைக் கேட்கவில்லை. கட்டாதது?"

கார்ஸ்டன் சூசைதாசனைப் பார்த்தார். சூசைதாசன் தோளை வாங்கி வெளிச்சத்துக்குக் கீழே வைத்தார். கறுத்ததையெல்லாம் அரிந்து தள்ளினார். கீழ்ப்பக்கம், முழங்காலுக்குக் கிட்ட, ஒரு கைப்பிடி நல்ல சிவப்பில் மிஞ்சியது. விரலால் அழுத்திப் பார்த்தார். கார்ஸ்டனும் அழுத்திப் பார்த்து, ஒவ்வொரு நாராக விலக்கித் துகள் தேடினார்.

"இது இறைச்சி," என்றார் கடைசியில்.

அருமைநாயகி அதை வாங்கி ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டாள்.

சனிக்கிழமை விடிய ஞானேஸ்வரி ஆட்டைச் சமையலறையில் காய்ச்சினாள். மானைக் கராஜில், காஸ் அடுப்பில், அலுமினியச் சட்டியில் வைத்தார்கள். சூசைதாசன் சொல்லச் சொல்ல அருமைநாயகி போட்டாள். சின்ன வெங்காயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, அரைத்த மிளகு. ரம்பை இலை இல்லை, ஹேர்னிங் தமிழ்க் கடையிலும் முடிந்துபோயிருந்தது. கார்ஸ்டன் வேட்டைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பத்து மணிக்கே வந்து நின்றார். கிளறுகிறேன் என்று அகப்பையை வாங்கிக்கொண்டார்.

"விலா முதல்லை வேகட்டும். மெத்தெண்டதைக் கடைசியிலை போடு."

"தண்ணி காணுமோ அத்தான்?"

"காணும். அது தானா விடும்."

தோளில் மிஞ்சிய அந்தக் கைப்பிடி இறைச்சியை அவள் வேறு ஒரு சின்னச் சட்டியில் போட்டாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சுவாமி வந்து செபம் சொன்னார். படத்துக்கு முன்னால் சோறு, ஆடு, மீன், அவித்த முட்டை, ஒரு சின்னப் போத்தல் விஸ்கி, நடுவில் சின்னக் கிண்ணத்தில் மான். சனம் ஆட்டைச் சாப்பிட்டது. மானைச் சிலர் சும்மா எட்டிப் பார்த்தார்கள், சிலர் மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்தார்கள். பச்சை ஜாக்கெட்காரர்கள் எலும்பைக் கையால் பிடித்து உறிஞ்சினார்கள். ஆவி பிடித்த ஜன்னலுக்கு வெளியே ரோட்டில் நிறுத்தியிருந்த கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மூன்று மணிபோல வீடு அமைதியானது.

அப்போதுதான் அருமைநாயகி கராஜுக்குப் போய் மடக்குக் கதிரையில் உட்கார்ந்தாள். படத்தடியிலிருந்து எடுத்த சின்னக் கிண்ணம் கையில். எதிரில் சூசைதாசனும் கார்ஸ்டனும், ஆளுக்கொரு தட்டோடு. மிரியம் வாசற்படியில் குந்தியிருந்தாள்.

அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். காட்டு நாற்றம் ஒன்று இருக்கும் என்று பதினைந்து வருசமாக நினைத்திருந்தாள். ஒன்றும் இல்லை. நன்றாக வெந்த இறைச்சி, கொஞ்சம் இனிப்பு, பல்லில் மெல்லிய நார்.

"எப்பிடி பிள்ளை?" என்றார் சூசைதாசன்.

"இறைச்சி மாதிரித்தான் இருக்கு அத்தான்."

"ம்."

இன்னொரு துண்டு எடுத்தாள். "அவர் காய்ச்சினாலும் இப்பிடித்தான் இருக்குமோ?"

சூசைதாசன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கென்ன தெரியும்? நானும் அவன் காய்ச்சி ஒருநாளும் சாப்பிடேல்லை."

இரண்டு பேரும் கார்ஸ்டனைத் திரும்பிப் பார்த்தார்கள். அருமைநாயகி டெனிஷில் கேட்டாள்: "அன்டொன் வைக்கிறதும் இதே ருசிதானா?"

கார்ஸ்டன் வாயிலிருந்ததை விழுங்கினார். இன்னும் கொஞ்சம் எடுத்து, கண்ணை மூடி மென்றார். தலையை ஆட்டினார்.

"இல்லை. இது நல்லாயிருக்கிறது. ஆனால் அது இல்லை."

"அவருடையது எப்படி இருக்கும்?"

அவர் விரலை நக்கிப் பார்த்தார். "உறைப்பு," என்றார். பிறகு அதுவும் சரியில்லை என்பதுபோல் கையை அசைத்தார். "உறைப்பு மட்டுமில்லை. எனக்கு உங்கள் சாமான்களின் பெயர் தெரியாது. என்ன போட்டான் என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை, சாப்பிட்டேன். இன்னொருதரம் வாயில் வைத்தால் இதுதான் என்று உடனே சொல்லிவிடுவேன். வைக்காமல் சொல்லத் தெரியவில்லை."

அருமைநாயகி ஓம் என்றாள். கிண்ணத்தைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு எழும்பி, சட்டியின் மூடியைத் திறந்து, அடியில் கிடந்த விலாத் துண்டு இரண்டைக் கார்ஸ்டனின் தட்டில் போட்டாள். இரண்டைச் சூசைதாசனின் தட்டில் போட்டாள்.

"சாப்பிடுங்கோ," என்றாள். "ஆறப்போகுது."